நூறு நாளும் அதற்குப் பிறகும்: ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் உடன்பிறந்தவரின் பங்கு

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சையில் நோயாளிக்கு அறுவை கிடையாது. உடன்பிறந்தவரிடமிருந்து சேகரித்த செல்கள் அடர்சிவப்பு நிறத்தில் ஒரு பையில் வரும். நோயாளியின் மார்பில் பொருத்திய குழாய் வழியாக, வழக்கமாக இரத்தம் ஏற்றுவதுபோலவே அதை ஏற்றுவார்கள். சில மணி நேரத்தில் வேலை முடிந்துவிடும். ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருக்க மனதைத் திடப்படுத்திக்கொண்டு வந்த குடும்பத்துக்கு, இவ்வளவுதானா என்று தோன்றும். கடினமான பகுதி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. புதிய செல்கள் எலும்பு மஜ்ஜையில் குடியேறி, இரத்தத்தை உற்பத்தி செய்து, உடம்பின் எதிர்ப்புச் சக்தியை அடியிலிருந்து கட்டி எழுப்ப ஓராண்டு முதல் இரண்டு ஆண்டு ஆகும். அதில் ஆஸ்பத்திரிக்குள் கழிவது சில வாரங்கள் மட்டுமே. மீதி நாளில் பெரும்பகுதி வீட்டில்தான். திருச்சிப் பக்கம் உள்ள துறையூர் போன்ற ஊரில் அந்த வீட்டை ஒரு வார்டைப்போல நடத்தும் பொறுப்பு அக்கா, அண்ணன், தம்பி, தங்கை என யாராவது ஒருவர் தலையில் விழுகிறது. பெற்றோருக்கு வயதாகியிருக்கும். மருந்துச் சீட்டைப் படிக்க, ரிப்போர்ட்டை வாட்ஸ்அப்பில் அனுப்ப, நள்ளிரவில் வண்டி பிடிக்க ஓர் இளவட்டம் வேண்டியிருக்கிறது.

இந்தச் சிகிச்சை வளர்ந்ததே உடன்பிறந்தோரைக் கொண்டுதான். அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1950களின் பிற்பகுதியில் இரத்தப் புற்றுநோயாளிகளுக்கு அவர்களோடு பிறந்த இரட்டையரின் மஜ்ஜையை ஏற்றிப் பார்த்தார். 1968இல் மினசோட்டாவில் ராபர்ட் குட் தலைமையிலான குழு, பிறவியிலேயே எதிர்ப்புச் சக்தி இல்லாத ஓர் ஆண் குழந்தைக்கு அதன் அக்காவின் மஜ்ஜையைச் செலுத்தி வெற்றி கண்டது. தாமஸுக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் 1983ஆம் ஆண்டு மும்பை டாடா நினைவு மருத்துவமனையில் டாக்டர் சுரேஷ் அத்வானி முதல் மாற்று சிகிச்சையைச் செய்தார். நோயாளி ஒன்பது வயதுச் சிறுமி, மஜ்ஜை கொடுத்தது அவளுடைய சகோதரன். மூன்று ஆண்டுகள் கழித்து, 1986இல், வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் டாக்டர் மேமன் சாண்டியின் முயற்சியில் இந்தச் சிகிச்சை தொடங்கியது. தலசீமியா, ஏபிளாஸ்டிக் அனீமியா, இரத்தப் புற்றுநோய் என்று தமிழ்நாட்டுக் குடும்பங்கள் பலவும் அன்றிலிருந்து வேலூருக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. சி.எம்.சி.யின் இரத்தவியல் பிரிவு இப்போது இராணிப்பேட்டை வளாகத்தில் இயங்குகிறது. சென்னையிலும் பெரிய மருத்துவமனைகளில் இந்த வசதி உண்டு.

பொருத்தம் பார்த்தல்

இதில் பார்க்கும் பொருத்தம் இரத்த வகைப் பொருத்தம் இல்லை. எச்.எல்.ஏ. எனப்படும் மரபணுத் தொகுதி ஒத்துப்போகிறதா என்றுதான் சோதிப்பார்கள். அப்பாவிடமிருந்து ஒரு பாதி, அம்மாவிடமிருந்து ஒரு பாதி என்று ஒவ்வொரு பிள்ளைக்கும் வருகிறது. ஆகவே உடன்பிறந்த ஒருவர் முழுதாகப் பொருந்த நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு, பாதி பொருந்த நான்கில் இரண்டு பங்கு, சுத்தமாகப் பொருந்தாமல் போக நான்கில் ஒரு பங்கு. மூன்று பேர் உடன்பிறந்திருந்தால் அவர்களில் ஒருவராவது முழுதாகப் பொருந்தும் வாய்ப்பு ஐம்பது சதவீதத்தைத் தாண்டும். இரண்டு பிள்ளைகளோடு நிறுத்திக்கொண்ட இன்றைய குடும்பங்களுக்கு அந்த வசதி இல்லை. பெற்றோர் சொந்தத்தில் மணம் முடித்தவர்கள் என்றால், டாக்டர் அத்தை, மாமன், தாய்மாமன் வழி எல்லாவற்றையும் கேட்டு எழுதுவார். அந்த வீடுகளில் பெற்றோரோ நெருங்கிய உறவினரோ முழுதாகப் பொருந்துவது சில சமயம் நடக்கிறது. முழுப் பொருத்தம் கிடைக்காதபோது பாதிப் பொருத்தத்திலும் இன்று மாற்று செய்கிறார்கள். செல் ஏற்றிய மூன்றாம், நான்காம் நாளில் சைக்ளோபாஸ்பமைடு மருந்தைக் கொடுக்கும் முறை வந்தபிறகு அதன் ஆபத்து பெரிதும் குறைந்திருக்கிறது.

இந்தக் கட்டத்தில் பாசத்தால் நேரும் ஒரு தவறு உண்டு. தம்பிக்கு இரத்தம் வேண்டும் என்றதும் அண்ணன் ஓடிப்போய் தன் இரத்தத்தையே கொடுக்க முன்வருவார். மாற்றுக்குக் காத்திருக்கும் நோயாளிக்கு நெருங்கிய சொந்தத்தின் இரத்தத்தை ஏற்றக்கூடாது. அந்த இரத்தத்துக்கு எதிராக நோயாளியின் உடம்பு பழகிவிட்டால், பிறகு அதே அண்ணனின் ஸ்டெம் செல்லையும் அது தள்ளிவிடலாம். அண்ணனின் நண்பர்கள் கொடுக்கட்டும். அண்ணன் தன் முறைக்குக் காத்திருக்கட்டும்.

பொருந்தியவர் திருமணமான சகோதரி என்றால் இன்னொரு சிக்கல் எழுகிறது. மாமியார் வீட்டில் தயங்குவார்கள். மஜ்ஜையைக் கொடுத்தால் பிள்ளைப்பேறு பாதிக்கும், முதுகெலும்பு போய்விடும் என்று பேச்சு கிளம்பும். இரண்டும் தவறு. முதுகெலும்பை யாரும் தொடுவதில்லை. மஜ்ஜையாக எடுப்பதென்றால் மயக்க மருந்து கொடுத்து இடுப்பு எலும்பின் பின்புறத்திலிருந்து ஊசியால் எடுப்பார்கள். எடுத்த அளவு சில வாரங்களில் மீண்டும் ஊறிவிடும். இரத்தத்திலிருந்து செல்லாக எடுப்பதென்றால் நான்கைந்து நாள் தோலுக்கடியில் ஜி.சி.எஸ்.எஃப். ஊசி போடுவார்கள். இடுப்பும் முதுகும் காய்ச்சல் கண்டதுபோல் வலிக்கும். பிறகு ஒரு இயந்திரத்தோடு நான்கு முதல் ஆறு மணி நேரம் படுத்திருக்க வேண்டும். ஒரு கையிலிருந்து இரத்தம் போய், வேண்டிய செல்லை மட்டும் விட்டுவிட்டு மறு கையில் திரும்ப வரும். நடுவில் உதடு மரத்து, விரல் நுனி குறுகுறுக்கும். இரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் மருந்து உடம்பின் கால்சியத்தைக் குறைப்பதால் வருவது அது. நர்ஸிடம் சொன்னால் கால்சியம் கொடுப்பார், சரியாகிவிடும். கணவரையும் மாமியாரையும் டாக்டரின் அறைக்கே அழைத்துப்போய் இதையெல்லாம் நேரில் கேட்கச் செய்வது, வீட்டில் மன்றாடுவதைவிட நல்ல பலன் தரும்.

செல் கொடுப்பவர் சிறு பிள்ளையாக இருக்கும்போது இன்னும் கவனம் தேவை. 2020 மார்ச்சில் அகமதாபாத்தில் தலசீமியா உள்ள அண்ணனுக்கு ஒன்றரை வயதுத் தங்கையின் மஜ்ஜை ஏற்றப்பட்டது. அண்ணனுக்குப் பொருந்த வேண்டும் என்றே சோதனைக்குழாய் முறையில் தேர்ந்தெடுத்துப் பெற்ற குழந்தை அவள். அண்ணன் பிழைத்ததில் மகிழாதவர் யார்? ஆனாலும் அந்தத் தங்கை வளர்ந்தபின் தன் பிறப்பைப் பற்றி என்ன நினைப்பாள் என்ற கேள்வி நியாயமானது. நம் வீடுகளில் எட்டு வயதுத் தங்கையிடம் மஜ்ஜை எடுக்கும்போது அவளுக்குப் புரியும்படி எடுத்துச்சொல்லி, அவளுடைய பயத்தையும் கேட்டுக்கொள்ள வேண்டும். அண்ணனுக்குக் கிடைக்கும் கவனிப்பில் ஒரு பங்காவது அவளுக்கும் கிடைக்க வேண்டும்.

உடன்பிறந்தவர் மட்டுமே கேட்கக்கூடிய கேள்வி ஒன்றும் உண்டு. மாற்றுக்கு முன் கொடுக்கும் கடுமையான மருந்துகள் பிள்ளைப்பேற்றைப் பாதிக்கலாம். மணமாகாத தம்பிக்கு விந்தணுவையும் தங்கைக்குக் கருமுட்டையையும் முன்கூட்டியே சேமிக்க முடியுமா என்று சிகிச்சை தொடங்குமுன் கேட்டாக வேண்டும். அப்பா அம்மாவுக்கு நாக்கு எழாது. அண்ணனோ அக்காவோ கூச்சத்தை விட்டுக் கேட்க வேண்டும்.

வார்டில்

செல் ஏற்றும் நாளைப் பூஜ்யம் என்று வைத்து எண்ணுவார்கள். அதற்கு ஒரு வாரம் முன்பே நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கும் மருந்துகள் ஆரம்பமாகிவிடும். பூஜ்யத்துக்குப் பிந்திய இரண்டு வாரம் மிகக் கடினமானது. வாயிலும் தொண்டையிலும் புண் வந்து எச்சில் விழுங்கவே முடியாது. முடி கொட்டும், வயிறு போகும், காய்ச்சல் வரும். வடிகட்டிய காற்று வரும் அறைக்குள் கூட இருக்க ஒருவரைத்தான் விடுவார்கள். காலையில் வரும் இரத்த அணுக் கவுண்ட்தான் அந்த நாளின் மனநிலையைத் தீர்மானிக்கும். நியூட்ரோபில் எனும் வெள்ளணு 500ஐத் தாண்டி மூன்று நாள் தொடர்ந்து நின்றால் செல் பிடித்துவிட்டது என்று பொருள். பெரும்பாலும் இரண்டாம், மூன்றாம் வாரத்தில் இது நடக்கும். கூட இருப்பவர் தைரியம் சொல்லிக்கொண்டே இருக்கத் தேவையில்லை. உப்பும் சமையல் சோடாவும் கலந்த நீரில் வாய் கொப்பளிக்க வைப்பது, கழிவறைக்குப் போகும்போது விழாமல் பிடித்துக்கொள்வது, பேசப் பிடிக்காத நாளில் பேசாமல் உட்கார்ந்திருப்பது ஆகியவையே அந்த நேரத்தில் பெரிய உதவி.

டிஸ்சார்ஜ் ஆனதும் துறையூருக்குக் கிளம்பிவிட முடியாது. நூறாவது நாள் வரை மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே தங்கச் சொல்வார்கள். அந்தப் பக்கம் சமைத்துச் சாப்பிடும் வசதியோடு நோயாளிகளுக்கு அறை கொடுக்கும் லாட்ஜுகள் பல உண்டு. மருத்துவச் செலவு பல லட்சம் என்றால், இந்த மூன்று மாத வாடகையும் சம்பள இழப்பும் யாரும் கணக்கில் எடுக்காத இன்னொரு செலவு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எலும்பு மஜ்ஜை மாற்று இடம்பெற்றிருக்கிறது. பிரதமரின் தேசிய நிவாரண நிதிக்கு விண்ணப்பிக்கலாம். தலசீமியா குழந்தைகளுக்கு, பொருந்தும் உறவினர் இருந்தால், கோல் இந்தியா நிறுவனம் 2017இல் தொடங்கிய திட்டத்தில் 10 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். இவற்றுக்கான விண்ணப்பங்களைச் சிகிச்சை தொடங்குமுன்பே மருத்துவமனையின் சமூகப்பணிப் பிரிவு வழியாக அனுப்ப வேண்டும். நகையை அடகு வைத்தபின் விசாரிப்பதில் பயனில்லை.

இந்த நூறு நாளுக்குள் அதிகம் கவனிக்க வேண்டியது ஜி.வி.எச்.டி. என்னும் தாக்குதல். ஏற்றிய புதிய செல்கள் நோயாளியின் உடம்பை அந்நியமாகக் கருதித் தாக்குவது அது. உள்ளங்கையிலும் காதோரத்திலும் சிவந்து தடிக்கும், வயிற்றுப்போக்கு நிற்காது, கண் மஞ்சளாகும். இதை அடக்கவே சைக்ளோஸ்போரின் மாத்திரை கொடுக்கிறார்கள். பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை, நிமிடம் தவறாமல் போட வேண்டும். இரத்தத்தில் அதன் அளவைப் பார்க்கும் நாளில் மட்டும் இரத்தம் கொடுத்த பிறகே காலை மாத்திரையைப் போட வேண்டும். வீட்டில் போட்டுவிட்டுக் கிளம்பினால் அளவு தப்பாகக் காட்டி, டாக்டர் மருந்தைக் குறைத்துவிடுவார். பம்ப்ளிமாஸ் பழம் இந்த மருந்தின் அளவை உடம்பில் ஏற்றிவிடும். நிலவேம்புக் கஷாயமும் பப்பாளி இலைச் சாறும் மற்ற நாளில் எப்படியோ, இப்போது டாக்டரைக் கேட்காமல் தொடவே கூடாது.

ஊர் திரும்பியபின்

நூறு நாள் கழித்துத் திரும்பும் வீட்டை முன்னதாகவே தயார் செய்ய வேண்டும். ஒட்டடை அடிப்பதும் வெள்ளையடிப்பதும் நோயாளி வருவதற்குப் பல நாள் முன்பே முடிந்துவிட வேண்டும். தூசியோடு கிளம்பும் பூஞ்சைதான் இந்த உடம்புக்குப் பெரிய எதிரி. துறையூர்ப் பக்கத்தில் வீட்டுக்கு ஒட்டினாற்போல மாட்டுத் தொழுவமும் வைக்கோல் போரும் எருக்குழியும் இருப்பது சகஜம். நெல் தூற்றும்போதும் சோளம் அடிக்கும்போதும் பறக்கும் தூசி நுரையீரலுக்குள் போனால் ஆபத்து. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளைக் கடந்து திருச்சி செல்லும் பஸ்ஸில் நெரிசலில் நின்றுகொண்டு போகிற வேலையும் முதல் ஓராண்டுக்கு வேண்டாம். செக்கப்புக்குக் கார் பிடிக்க வேண்டும், முகக்கவசம் போட வேண்டும். தொட்டியைக் கழுவி, குடிநீரைக் கொதிக்க வைத்து, டெங்குக் கொசு கடிக்காமல் வலை கட்ட வேண்டும்.

சாப்பாட்டில் விதி எளிது: அன்று சமைத்தது, நன்றாக வெந்தது, சூடானது. இட்லி, இடியாப்பம், குழைந்த சாதம், வேகவைத்த காய், முழுதாக வெந்த முட்டை எல்லாம் சரி. பழைய சோறு, முதல் நாள் குழம்பு, பச்சைக் காய், கடைச் சட்னி கூடாது. மிளகுத்தூளை இறக்கியபின் தூவாமல் கொதிக்கும்போதே போட வேண்டும். தயிர், மோருக்கு ஒவ்வொரு மருத்துவமனையும் ஒவ்வொரு விதி வைத்திருக்கிறது. அவர்கள் சொன்னதைக் கேட்க வேண்டும். கோயில் பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றி வீட்டாருக்குக் கொடுத்துவிடலாம். ஸ்ரீரங்கம் வைகுண்ட ஏகாதசிக் கூட்டமும் சமயபுரம் தேரும் அடுத்த ஆண்டும் வரும்.

காய்ச்சல்தான் எல்லாவற்றிலும் பெரிய எச்சரிக்கை. 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டினால் பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. உடனே சிகிச்சை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்து, அவர்கள் சொன்னபடி 108 ஆம்புலன்ஸிலோ காரிலோ புறப்பட வேண்டும். வேலூர் பல மணி நேரப் பயணம். அதுவரை ஆன்டிபயாடிக் ஊசியைத் தள்ளிப்போட முடியாது. துறையூர் அரசு மருத்துவமனையிலோ திருச்சி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையிலோ முதல் ஊசியைப் போட்டுக்கொண்டு மேலே போவது உயிர் காக்கும். இதற்காக ஒரு கார்டு எழுதிச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். மாற்று நடந்த தேதி, மருந்துகள், டாக்டரின் போன் எண், அதோடு இரண்டு விஷயங்கள். ஒன்று, கதிர்வீச்சுக்கு உட்படுத்திய இரத்தத்தையே ஏற்ற வேண்டும். இரண்டு, நோயாளியின் இரத்த வகை மாறியிருக்கலாம். பி பாசிட்டிவாக இருந்த தம்பிக்கு ஓ பாசிட்டிவ் அக்காவின் செல் ஏறினால், சில மாதங்களில் தம்பியும் ஓ பாசிட்டிவ் ஆகிவிடுவார். பழைய டிரைவிங் லைசென்ஸில் உள்ள வகையை நம்பி இரத்தம் ஏற்றிவிடக்கூடாது.

அம்மை விஷயத்தில் நம் ஊர் வழக்கம் வேறு. வேப்பிலை கட்டி, மருந்து கொடுக்காமல், ஆத்தா இறங்கும்வரை காத்திருப்போம். அந்த நம்பிக்கையை யாரும் பறிக்க வேண்டியதில்லை. வேப்பிலை வாசலில் இருக்கட்டும். ஆனால் மாற்று சிகிச்சை முடிந்தவர் இருக்கும் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு குழந்தைக்கு அம்மை கண்டால், அன்றே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும். நோயாளிக்கு உடம்பில் கொப்புளம் வரும்வரை காத்திருந்தால், அது நுரையீரலையும் ஈரலையும் பாதித்து உயிருக்கே ஆபத்தாகலாம். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் போலியோ சொட்டு மருந்து கொடுக்குமுன்னும் கேட்க வேண்டும். சொட்டில் இருப்பது வீரியம் குறைத்த உயிருள்ள கிருமி. அது குழந்தையின் மலத்தில் சில வாரம் வெளியேறும். ஊசி வடிவத்தில் அந்தப் பயம் இல்லை.

நோயாளியின் சொந்தத் தடுப்பூசிகள் கதை வேறு. சிறுவயதில் போட்டது பெரும்பாலும் அழிந்துவிட்டிருக்கும். ஏறக்குறைய ஆறாம் மாதத்திலிருந்து, பிறந்த குழந்தைக்குப் போடுவதுபோல ஒவ்வொன்றாக மறுபடி போடுவார்கள். தட்டம்மை போன்ற உயிருள்ள தடுப்பூசிக்கு இரண்டு ஆண்டு பொறுக்க வேண்டும். அப்போதும் ஜி.வி.எச்.டி. இல்லாமல், எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்துகள் நின்றிருந்தால்தான் போடுவார்கள். வீட்டில் உள்ள மற்றவர்கள் ஆண்டுதோறும் ஃப்ளூ ஊசி போட்டுக்கொள்வது நல்லது.

மனம்

ஜி.வி.எச்.டி.க்காக ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடும் தங்கைக்கு முகம் வீங்கும், தூக்கம் வராது, சுள்ளென்று கோபம் வரும். பார்த்துப் பார்த்துச் செய்த அண்ணனின் மேல்தான் அந்தக் கோபம் விழும். மருந்து பேசுகிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். சொல்வது எளிது, இரவு இரண்டு மணிக்கு அது கடினம். நாள்பட்ட ஜி.வி.எச்.டி. வந்தால் கண் உலர்ந்து எரியும், வாய்க்குக் காரம் ஒத்துக்கொள்ளாது, தோல் கறுத்து இறுகும். திருச்சி வெயில் அதைத் தூண்டிவிடும் என்பதால் குடையும் முழுக்கைச் சட்டையும் இல்லாமல் வெளியே போகக்கூடாது.

செல் கொடுத்தவரே கூட இருந்து கவனிப்பவராகவும் இருந்தால், இந்த ஜி.வி.எச்.டி.யைப் பார்க்கும்போது அவருக்குள் ஒரு குற்றவுணர்வு புகுந்துவிடும். என் செல்தானே அவளைத் தாக்குகிறது என்று வெளியில் சொல்லாமல் வேகும் அக்காக்கள் உண்டு. பழைய நோய் திரும்பி வந்தால் இன்னும் மோசம். செல் கொடுத்தவரின் உடம்பிலோ மனதிலோ எந்தக் குறையும் இல்லை. உயிரியலின் வேலை அது. இதை டாக்டர் ஒரு முறை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், குடும்பத்தார் பல முறை சொல்ல வேண்டும். பொருந்தாமல் போன இன்னொரு தம்பியையும் மறக்கக்கூடாது. வீட்டையும் வயலையும் பார்த்துக்கொண்டு, தனக்கு ஒரு பங்கும் இல்லை என்று எண்ணியிருப்பவர் அவர். வாரத்தில் இரண்டு நாள் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தால், முதலாமவருக்கு ஓய்வும் கிடைக்கும், இவருக்கு இடமும் கிடைக்கும். ஒரே ஆள் ஓராண்டு முழுக்கத் தாங்குவது நடக்காத காரியம். தாங்க முயன்றவர்கள் மருந்து நேரத்தைத் தவறவிடும் அளவுக்குக் களைத்துப்போகிறார்கள்.

உறவினர்களுக்கும் ஒரு வார்த்தை. ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு பத்துப் பேராகப் பார்க்க வருவது நம் பண்பு. இந்த ஓராண்டுக்கு மட்டும் அது வேண்டாம். வாசலில் நின்று வரவேண்டாம் என்று சொல்லும் பொல்லாப்பு அந்த அக்காவின் தலையில்தான் விழுகிறது. போன் செய்து நலம் கேளுங்கள். பார்க்க வரும் பஸ் காசுக்குப் பதிலாக இரத்த வங்கிக்குப் போய் இரத்தமோ பிளேட்லெட்டோ கொடுங்கள். வயது 18 முதல் 50க்குள் இருந்தால், சென்னையில் 2009 முதல் இயங்கும் தாத்ரி ஸ்டெம் செல் பதிவேட்டில் பெயரைச் சேருங்கள். கன்னத்தின் உட்புறத்தைப் பஞ்சால் தொட்டு எடுத்தால் போதும், வலியே இல்லை. உடன்பிறந்தவர் பொருந்தாத நோயாளிகள் பலர் அந்தப் பட்டியலில் தங்களுக்கொரு பெயர் வருமா என்று காத்திருக்கிறார்கள்.